மானுக்குப் புல்: விதைப்பதும் காப்பதும்

ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் தழைக்கும் தீவனத்தை மான்களுக்காக வளர்ப்பது அமெரிக்காவில் ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது. வெள்ளைவால் மான் நடமாடும் காட்டோரங்களில் நிலத்தைத் திருத்துவார்கள். மண்ணைப் பரிசோதித்து, புளிப்புத் தன்மை இருந்தால் சுண்ணாம்பு இடுவார்கள். பிறகு வெள்ளைக் குளோவர், சிக்கரி, குதிரைமசால் ஆகியவற்றை விதைப்பார்கள். நன்றாகப் பராமரித்தால் அந்தப் பாத்தி மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் பலன் தரும். செலவு செய்பவர் பெரும்பாலும் வேட்டைக்காரர். மான் கொழுக்க வேண்டும், கொம்பு பெருக்க வேண்டும், பருவம் வந்தால் துப்பாக்கி எட்டும் தூரத்துக்கு வந்து நிற்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

நம் நாட்டில் 1972-இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கணக்கை முடித்துவைத்துவிட்டது. ஆனால் மானுக்கு உணவு எங்கிருந்து வரும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. சென்னைக்குள் கிண்டியில் புள்ளிமானும் வெளிமானும் இருக்கின்றன. கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் வெளிமானுக்கென்றே சரணாலயங்கள் இருக்கின்றன. இவை எல்லாவற்றிலும் புல்வெளி சுருங்கிக்கொண்டு வருகிறது. அந்த இடத்தில் தீவனப் பயிரை நட்டு ஈடுகட்டலாமா, இருக்கும் புல்லை மீட்பதா, அல்லது இரண்டையும் விட்டுவிடுவதா? இந்த மூன்று வழிகளையும் தமிழ்நாட்டு நிலத்தில் வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

யார் எதைத் தின்கிறார்கள்?

பேச்சில் எல்லாம் மான்தான். மேய்ச்சல் கணக்கில் அப்படி இல்லை. வெளிமான் உண்மையில் இரலை இனம். அதன் திருகுக்கொம்பு ஆண்டுதோறும் உதிர்வதில்லை. ஓடும் வேகத்தையும் கண்பார்வையையும் நம்பி வாழும் விலங்கு என்பதால், நாலாபுறமும் தெரியும் திறந்த வெளியைத்தான் நாடும். அதன் உணவில் பெரும்பகுதி குட்டைப் புல். வெளியில் மரம் அடர்ந்தால் அதற்கு உணவும் குறையும், பாதுகாப்பும் போகும்.

புள்ளிமான் அவ்வளவு கறாரானது அல்ல. மழைக்காலத்தில் தளிர்ப்புல்லை மேயும். கோடையில் புல் காய்ந்ததும் இலை, உதிர்ந்த பழம், பூ, நெற்று என்று எதையும் எடுத்துக்கொள்ளும். வெயிலுக்கு மரநிழலில் ஒதுங்கி, காலையிலும் மாலையிலும் வெளிக்கு வரும். காடும் புல்லும் சந்திக்கும் ஓரம்தான் அதற்கு உகந்த இடம். இந்த நெகிழ்வுதான் புள்ளிமானை நகரத்துக்குள்ளும் வாழவைக்கிறது. குப்பையிலிருக்கும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து விழுங்கிச் சாகவைப்பதும் இதே நெகிழ்வுதான்.

ஆக, 'மானுக்கு ஏற்ற தீவனம்' என்று பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட முடியாது. ஆளுயரம் வளரும் புல் புள்ளிமானுக்கு ஓரளவு பயன்படலாம். வெளிமானுக்கு அது கண்ணை மறைக்கும் சுவர். நிழலுக்கென்று நடும் மரக்கன்றும் அப்படியே. ஒன்றுக்கு உதவும், மற்றொன்றை விரட்டும்.

தட்டில் எவ்வளவு?

மேயும் விலங்கு நாளொன்றுக்குத் தன் உடல் எடையில் சுமார் இரண்டரை விழுக்காடு உலர்தீவனம் உண்ணும் என்பது பொதுவான மதிப்பீடு. 50 கிலோ எடையுள்ள புள்ளிமானுக்கு இது ஒன்றேகால் கிலோ உலர்எடை. பச்சைப் புல்லாகச் சொன்னால் ஐந்தாறு கிலோ. நூறு மான்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 45 டன் உலர்தீவனம் வேண்டும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கோ 4, பாசனமும் உரமும் கிடைத்தால் எக்டேருக்கு ஆண்டுக்கு 380 முதல் 400 டன் பசுந்தீவனம் தரக்கூடியது. ஐந்தில் ஒரு பங்கை உலர்எடையாகக் கொண்டாலும் 75 டன்னுக்கு மேல். ஏட்டுக் கணக்கில் ஒரே எக்டேர் நூறு மான்களைத் தாங்கிவிடும்.

கொழுக்கட்டைப் புல்லுக்கு வருவோம். இது நம் மேய்ச்சல் காடுகளின் பல்லாண்டுப் புல். நல்ல சூழலில் ஆண்டுக்கு எக்டேருக்கு 40 டன் பசும்புல் கிடைக்கும், உலர்எடையில் சுமார் 10 டன். அதில் பாதியைத்தான் மேயவிடலாம். மறுபாதி வேருக்கும் விதைக்கும் மண்ணுக்கும் நிற்க வேண்டும். அந்தக் கணக்கில் நூறு மான்களுக்கு ஒன்பது எக்டேர் தேவை. மழையை மட்டும் நம்பிய மேட்டு நிலம் என்றால் இதைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும்.

இந்த இரண்டு எண்களையும் பக்கம் பக்கமாக வைத்தால் தீவனப்பயிர்தான் வெல்லும் என்று தோன்றும். ஆனால் கோ 4 வயலுக்கு ஆண்டு முழுவதும் தண்ணீர் வேண்டும், ஒவ்வோர் அறுவடைக்குப் பிறகும் உரம் வேண்டும். மாட்டுப் பண்ணையில் அந்தச் செலவைப் பால் திருப்பித் தருகிறது. காட்டில் அதைத் திருப்பித் தர எதுவும் இல்லை. எங்காவது ஒரு கோடையில் மோட்டார் நின்றால், அந்த வயலை நம்பிப் பெருகிய அத்தனை மான்களும் ஒரே மாதத்தில் பட்டினி கிடக்கும்.

தீவனப்பயிருக்கு உரிய இடம்

தீவனப்பயிரே கூடாது என்பதல்ல இதன் பொருள். உயிரியல் பூங்காவின் அடைப்பில் இருக்கும் மானுக்கு வெட்டிப்போடும் தீவனம்தான் வாழ்வு. அங்கே எண்ணிக்கை தெரியும், இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தலாம், மருத்துவர் பார்வையில் இருக்கும். கோ 4 புல்லை 60 சென்டிமீட்டர் இடைவெளியில் பார் பிடித்து, இரண்டு கணுக் கரணைகளை ஊன்றினால் 75 முதல் 80 நாளில் முதல் அறுவடை. அதன்பின் 45 நாளுக்கு ஒரு வெட்டு. அதோடு வேலிமசாலையும் சேர்த்துக் கொடுத்தால் புரதம் சமன்படும். வேலிமசால் விதையின் தோல் கெட்டியானது. வெந்நீர் நேர்த்தி செய்யாமல் போட்டால் பாதி முளைக்காது. அகத்தித் தழையை மான் விரும்பித் தின்னும்.

இந்தப் பயிர்களிலும் எச்சரிக்கை தேவை. நேப்பியர் வகைப் புல்லில் ஆக்சலேட் உப்பு கூடுதலாக உண்டு. அதையே முழு உணவாக்கினால் உடலில் சுண்ணாம்புச் சத்து குறையும். இளஞ்சோளப் பயிரில் நச்சுத்தன்மை இருப்பது மாடு வளர்ப்பவர் அனைவருக்கும் தெரியும். சவுண்டல் தழையில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. போதாக்குறைக்கு அது விதை சிதறித் தானாகவே பரவும். பூங்கா அடைப்புக்குள் வெட்டிப்போடுவதற்கு ஏற்ற சவுண்டல், திறந்த காட்டில் நட்டால் அடுத்த தலைமுறையின் களை.

திறந்த வெளியில் தீவனப்பாத்தி அமைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிதறி மேயும் விலங்குகளை அது ஒரே இடத்தில் குவிக்கிறது. எச்சில், சாணம், மூத்திரம் எல்லாம் ஒரே மண்ணில் சேரும்போது கோமாரி முதலான நோய்கள் கூட்டமாகத் தொற்றும். மான்களை மெலியவைத்துக் கொல்லும் ஒரு மூளைநோய் பரவியதால், அமெரிக்க மாநிலங்கள் பல மானுக்குத் தீனி கொட்டுவதையே தடைசெய்திருக்கின்றன. தெருநாய்க்கும் மான் கூடும் இடம் எது என்பது விரைவில் பழகிவிடும்.

கிண்டி சொல்லும் பாடம்

கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு 2.70 சதுர கிலோமீட்டர். 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. அதற்கு முன் ஆளுநர் மாளிகைத் தோட்டத்தின் பகுதியாக இருந்த பெரிய காட்டிலிருந்து ஐ.ஐ.டி. வளாகமும் சிறுவர் பூங்காவும் நினைவிடங்களும் பிரிந்து போயின. மிஞ்சியதைச் சுற்றி நகரம் வந்துவிட்டது. மான் வெளியே போக வழியில்லை. அவற்றைப் பிடித்துக் கட்டுப்படுத்தும் அளவுக்குப் பெரிய இரைகொல்லியும் இல்லை.

2004 பிப்ரவரியில் எடுத்த கணக்கில் புள்ளிமான் 2,650, வெளிமான் 405. குட்டிகளையும் சேர்த்துச் சராசரியாக ஒரு புள்ளிமானுக்கு ஒரு கிலோ உலர்தீவனம் என்று குறைத்தே போட்டாலும், ஆண்டுக்குத் தேவை ஏறக்குறைய 970 டன். பூங்கா முழுவதும் ஒரே புல்வெளியாக இருந்தால்கூட எக்டேருக்கு மூன்றரை டன்னுக்கு மேல் மேய்ந்தாக வேண்டும். ஆனால் அதில் பெரும்பகுதி வறண்ட பசுமைமாறாக் காடு. எண்ணிக்கையில் சற்று மிகை இருந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், நெருக்கடி எப்படிப்பட்டது என்பது விளங்கும்.

டி.ஆர். சங்கர் ராமன், ஆர்.கே.ஜி. மேனன், ஆர். சுகுமார் ஆகியோர் கிண்டியின் புள்ளிமானையும் வெளிமானையும் ஒருசேர ஆராய்ந்து எழுதிய கட்டுரை, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் 1996-இல் வெளிவந்தது. அந்தப் பூங்காவைப் பற்றிப் பேசும் எவரும் தொடங்க வேண்டிய இடம் அது. கிண்டியில் வெளிமானின் நம்பிக்கை போலோ மைதானம் என்று அழைக்கப்படும் திறந்த புல்வெளிதான். அங்கே முள்மரமும் புதரும் ஏறும்போதெல்லாம் வெளிமானின் இடம் குறைகிறது, புள்ளிமானுக்கு வசதி கூடுகிறது. இந்த நிலையில் தீவனப்பயிரை நட்டு உணவைக் கூட்டினால் என்ன ஆகும்? புள்ளிமான் இன்னும் பெருகும். மதில் நகராது. கிண்டிக்கு உணவைவிட வெளிதான் முதல் தேவை.

கோடியக்கரையும் கான்ஹாவும்

கோடியக்கரைச் சரணாலயம் 1967-இல் உருவானது. அதன் கடலோரப் புல்வெளியில் சீமைக்கருவேலம் ஊடுருவியது. 1877 வாக்கில் சென்னை மாகாணத்துக்குள் கொண்டுவரப்பட்ட மரம் இது. விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்று பரப்பப்பட்டு, பின்னர் ஏரியும் ஓடையும் மேய்ச்சல் நிலமும் அதன் வசமாயின. இதில் ஒரு விபரீதம் என்னவென்றால், அதன் இனிப்பு நெற்றைப் புல் காய்ந்த கோடையில் வெளிமானே விரும்பித் தின்கிறது. விதை சாணத்தோடு விழுந்து முளைக்கிறது. தன் மேய்ச்சலை அழிக்கும் மரத்தைத் தானே விதைக்கும் நிலைக்கு வெளிமான் வந்துவிட்டது. குஜராத்தின் வேளாவதார் வெளிமான் பூங்காவிலும் இதே கதைதான். கோடியக்கரையில் காட்டுக்குதிரைகளும் புல்லுக்குப் போட்டியிடுகின்றன. அங்கே நூறு மூட்டைத் தீவன விதை கொட்டுவதைவிட, நெற்று முற்றுவதற்குமுன் ஒரு மரத்தை வேரோடு எடுப்பது பெரிய உதவி. அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கை வெளியிட்டிருப்பது இந்த வகையில் நல்ல தொடக்கம்.

மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா வேறொரு கோணத்தைக் காட்டுகிறது. அங்குள்ள பாராசிங்கா மான் ஏறத்தாழ முழுவதும் புல்லையே நம்பியது. 1970-இல் வெறும் 66 மிஞ்சின. காட்டுக்குள் இருந்த கிராமங்கள் இடம்பெயர்ந்தபோது அவர்களுடைய வயல்கள் புல்வெளிகளாயின. வேலியிட்ட பாதுகாப்பு அடைப்பு, தீவைப்பதில் கட்டுப்பாடு, குட்டிகளை மறைக்க உயர்ந்த புல்லை விட்டுவைப்பது என்று தொடர்ந்து செய்த வேலையில் எண்ணிக்கை மீண்டது. இன்றைக்கும் அந்தப் புல்வெளிகளில் முளைக்கும் மரக்கன்றுகளையும் களைகளையும் ஆண்டுதோறும் அகற்றுகிறார்கள். மனிதர் உழுததால் உருவான வெளி, மனிதர் கைவிட்டால் மீண்டும் காடாகிவிடும்.

கொறங்காடு என்னும் நம் மாதிரி

பல்லாண்டுத் தீவன நிலத்துக்கு வெளிநாட்டுக் கையேட்டைப் புரட்ட வேண்டியதில்லை. காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பக்கம் கொறங்காடு இருக்கிறது. கொழுக்கட்டைப் புல் நிறைந்த காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சுற்றிலும் முள்ளுக்கிளுவையை உயிர்வேலியாக வைத்து, நடுவில் அங்கங்கே வெள்வேல மரத்தை விட்டிருப்பார்கள். காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் ஒரு பகுதியில் மேயும்போது மற்றப் பகுதி தழைக்கும். கோடையில் வெள்வேல நெற்று கைகொடுக்கும். பாசனம் கிடையாது, வாங்கிய உரமும் கிடையாது.

மான் நிலத்துக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற நாட்டுப்புல். இரண்டாவது, வெளியை அடைக்காத அளவுக்கு மரம். மூன்றாவது, ஓய்வு. காட்டுமானை மாடு மாதிரி மாற்றிக்கட்ட முடியாதுதான். ஆனால் புல்வெளியை நான்காகப் பிரித்து ஒரு பகுதியைத் தற்காலிக வேலியால் மூடி, விதை கொட்டியபின் திறந்துவிட்டு, அடுத்ததை மூடலாம்.

நடவும் பராமரிப்பும்

சென்னை வட்டாரத்தின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்துவிடும். வேலைகளை இந்த மழையை ஒட்டியே அடுக்க வேண்டும்.

கோடையில் முள்மரத்தை அகற்றலாம். சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். ஓரடி ஆழம்வரை அடிக்கட்டையைத் தோண்டி எடுத்தால்தான் தீரும். ஆடி, ஆவணி மழையில் களை முளைக்கவிட்டு, மேலாக ஒரு உழவு ஓட்டினால் களைவிதையில் ஒரு பங்கு தீர்ந்துவிடும். பருவமழைக்கு முன், புரட்டாசியில் விதைப்பு. கொழுக்கட்டைப் புல்லின் புது விதை உடனே முளைக்காது, ஆறேழு மாதம் உறங்கும். முந்தைய ஆண்டு விதையே உகந்தது. எக்டேருக்கு ஆறு முதல் எட்டு கிலோ போதும். விதை பஞ்சுபோல் பறக்கும் என்பதால் ஈரமணலில் கலந்து தூவி, மேலாக மூட வேண்டும். ஆழம் போனால் முளைக்காது. புயல்மழை விதையை அடித்துச் செல்லும் சரிவுகளில் புல்தூர்களைப் பிரித்து நடுவது பாதுகாப்பு. தாழ்வில் அருகம்புல் தானாகவே பிடித்துக்கொள்ளும். இடையிடையே நரிப்பயறு போன்ற பயறுவகைக் கொடிகள் இருந்தால் மண்ணுக்குத் தழைச்சத்து கிடைக்கும்.

முதல் ஆண்டு மானை உள்ளே விடக்கூடாது. வேர் பிடிக்காத இளம்புல்லை மான் தூரோடு பிடுங்கிவிடும். மார்கழி, தை மாதங்களில் பார்த்தீனியம், தகரை, முள்கன்றுகளைப் பூக்குமுன் கையால் பிடுங்க வேண்டும். இரண்டாம் ஆண்டு புல்லை முழுதாக விதை கொட்டவிட வேண்டும். மூன்றாம் ஆண்டு மேய்ச்சல். பெரும்பாலான முயற்சிகள் தோற்பது இந்த இரண்டாம் ஆண்டில்தான். நடவுக்குப் பணம் ஒதுக்குவார்கள், விழா நடக்கும், பலகை வைப்பார்கள். களையெடுப்புக்கு ஒதுக்கீடு இருக்காது.

நாட்டுப்புல்லுக்கு யூரியா இடுவது வீண்வேலை. புல்லைவிடக் களைதான் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். முற்றிய புல்லை மாசியில் பட்டை பட்டையாக அறுத்துவிட்டால் துளிர் வரும். முழுவதையும் ஒரேயடியாக அறுத்தாலோ கொளுத்தினாலோ குட்டி பதுங்க இடமிருக்காது. மேய்ச்சல் அளவு மீறுகிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு மீட்டர் சதுரத்தில் கம்பிவலைக் கூண்டுகளை அங்கங்கே கவிழ்த்து வையுங்கள். உள்ளிருக்கும் புல்லையும் வெளியிலிருக்கும் புல்லையும் அறுத்து எடைபோட்டால், பாதிக்குமேல் போயிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். போயிருந்தால் குறைபாடு புல்லில் இல்லை, மானின் எண்ணிக்கையில் இருக்கிறது.

வெள்ளானூர் வட்டாரத்துக்கு என்ன?

சென்னையின் மேற்குப் புறநகரில், வெள்ளானூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம், இன்று மேய்ச்சல் என்பது ஏரிக்கரை, மேய்க்கால் புறம்போக்கு, மனை பிரித்தும் வீடு வராத நிலம், பெரிய வளாகங்களின் மதிலுக்குள் மிஞ்சிய வெளி ஆகியவைதான். இங்கே மானை வரவழைக்கத் தீவனம் நடுவது தவறு. சாலையும் நாயும் சூழ்ந்த துண்டு நிலத்துக்கு ஒரு விலங்கை இழுத்து வருவது அதற்குச் செய்யும் உதவியாகாது. சட்டமும் குறுக்கே நிற்கும். காட்டுமானைப் பிடிக்கவோ இடம் மாற்றவோ தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். தேசியப் பூங்காவுக்குள் தாவரத்தை அகற்றுவதுகூட வன உயிரின நலனுக்கு என்றால் மட்டுமே அனுமதிக்கப்படும்.

மான் ஏற்கெனவே வாழும் வளாகம் எதுவானாலும் வரிசை இப்படி இருக்கலாம்: முதலில் குப்பையை மூடுவது, அடுத்து நாயைக் கட்டுப்படுத்துவது, பிறகு வெட்டவெளியை முள்மரத்திலிருந்தும் ஆர்வக்கோளாறான மரநடு விழாக்களிலிருந்தும் காப்பது. இவை நடந்த பின்பு எஞ்சும் இடைவெளிக்கு நாட்டுப்புல். மான் இல்லாத புறம்போக்குப் புல்லுக்கும் மதிப்பு குறைவில்லை. ஊர்மாட்டுக்கும் ஆட்டுக்கும் முயலுக்கும் தரையில் கூடுகட்டும் ஆள்காட்டிக்கும் அதுதான் நிலம். வருவாய்ப் பதிவேட்டில் மேய்க்கால் என்று இருப்பதை அப்படியே இருக்கவிடச் சொல்லிக் கிராமசபையில் கேட்பதும் புல் வளர்க்கும் வேலைதான்.

மூன்று வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தீர்ப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. அடைப்புக்குள் தீவனப்பயிர் தேவை. புல்விதை அற்றுப்போன காட்டுவெளியில், முள்ளை அகற்றியபின் நாட்டுப்புல்லை நட்டுத்தான் ஆக வேண்டும். விதை மிச்சமிருக்கும் இடத்தில் வெளியைத் திறந்து விட்டாலே புல் வந்துவிடும். இம்மூன்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: ஐந்து ஆண்டுக்குக் களையெடுக்க ஆளும் பணமும் உறுதியாகாத இடத்தில் நடவைத் தொடங்கவே கூடாது. திட்ட அறிக்கையில் எத்தனை எக்டேர் நடப்பட்டது என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், மூன்றாம் ஆண்டு எத்தனை எக்டேர் புல்லாக இருந்தது என்று இன்னொரு கட்டம் சேர்த்தால், பாதி வேலை அதிலேயே நேராகிவிடும்.